‘நோ சிக்னல்’: கேபிள் வாங்க மலை இறங்குவதற்கு முன்

கோவையில் மானிட்டரில் படம் வரவில்லை என்றால் காந்திபுரம் போய் ஒரு கேபிள் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். அது சரிப்படவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் போய் மாற்றிக்கொண்டும் வரலாம். நீலகிரி மலையில் எமரால்டிலோ மஞ்சூரிலோ அது நடக்காது. ஊட்டியிலும் குன்னூரிலும் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் கிடைக்கும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள், டைப்-சி கன்வெர்ட்டர், ஆக்டிவ் கேபிள் என்று கேட்டால் பல கடைகளில் ‘கீழேயிருந்து வரவழைத்துத் தருகிறோம்’ என்பார்கள். மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கூரியரும் நின்றுவிடும். அதனால் மலையில் இந்த வேலை செய்கிறவர்கள் குறை எங்கே என்று தெரியும்வரை எதையும் வாங்கச் சொல்வதில்லை. பெரும்பாலும் வீட்டில் இருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிட முடியும்.

அதற்குக் கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எச்டிஎம்ஐ பிளக்கில் ஒரு வரிசையில் 10, இன்னொரு வரிசையில் 9 என்று 19 பின்கள். முதல் 12 பின்கள்தான் படத்தையும் ஒலியையும் சுமப்பவை. மீதியில் முக்கியமானவை நான்கு. லேப்டாப்போ செட் டாப் பாக்ஸோ 18ஆம் பின் வழியே 5 வோல்ட் அனுப்பும். அதைப் பெற்ற மானிட்டர் 19ஆம் பின் வழியே ‘இருக்கிறேன்’ என்று பதில் தரும். அதன்பின் 15, 16ஆம் பின்கள் வழியே மானிட்டர் தன் ஜாதகத்தைக் கொடுக்கும்: என்ன மாடல், எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிப்பது) தாங்கும் என்று. இதற்கு இடிஐடி என்று பெயர், அளவு குறைந்தது 128 பைட். இதைப் படித்த பிறகுதான் படம் கிளம்பும். ஆக, இந்த நான்கு பின்களில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும், மற்ற 12 பின்களும் நன்றாக இருந்தும் திரை இருட்டாகவே கிடக்கும்.

இது தெரிந்தால் முதல் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். லேப்டாப்பில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, இரண்டாவது திரையாக மானிட்டரின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் தெரிந்தால் அந்தப் பேச்சுவார்த்தை நடந்து முடிந்துவிட்டது. குறை படத்தைச் சுமக்கும் அந்த 12 பின்களின் அதிவேக லைன்களிலோ, ரெசல்யூஷனிலோ, மானிட்டரில் தேர்ந்திருக்கும் இன்புட்டிலோ இருக்கிறது. பெயரே தெரியவில்லை என்றால் கேபிளின் முனை, போர்ட், கன்வெர்ட்டர் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள்.

மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்தால் அது நல்ல செய்தி. பவர் சப்ளை, பேனல், பேக்லைட் மூன்றும் வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. எழுத்தே வராமல், பவர் விளக்கு மட்டும் எரிந்து திரை கருப்பாக இருந்தால் அறையை இருட்டாக்கி டார்ச்சைத் திரையின் மீது சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படமோ மெனுவோ தெரிந்தால் போனது பேக்லைட். அதற்கு எந்தக் கேபிளும் மருந்தாகாது.

மாற்றிப் பார்க்கும் வரிசை

முதலில் இரண்டு கருவிகளையும் அணைத்து, சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. மானிட்டரின் பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடியுங்கள், 5 நிமிடம் விடுங்கள். பிறகு கேபிளை இரண்டு பக்கமும் அழுத்தி மாட்டி, மானிட்டரை முதலில் போட்டு, மெனுவில் இன்புட்டைக் கையாலேயே தேர்ந்தெடுத்து, கடைசியில் படம் அனுப்பும் கருவியைப் போடுங்கள். லோ வோல்டேஜில் பவர் வந்து வந்து போன பிறகு வரும் ‘நோ சிக்னல்’ பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும். இன்புட்டை ‘ஆட்டோ’வில் விட்டால் சில மானிட்டர்கள் சிக்னலைத் தேடித் தேடித் தூங்கப் போய்விடும். அதனால்தான் கையால் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

லேப்டாப் என்றால் விண்டோஸ் கீயோடு, ‘ஓ’வுக்கு வலப்பக்கம் உள்ள ‘பி’யை அழுத்தி டூப்ளிகேட்டைத் தேர்ந்தெடுங்கள். படம் உறைந்து நின்றிருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, ‘வி’க்கும் ‘என்’னுக்கும் நடுவே உள்ள ‘பி’யைத் தட்டுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. டெஸ்க்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், கேபிள் அந்தக் கார்டில்தான் மாட்டியிருக்கிறதா என்று பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மதர்போர்டின் போர்ட்டில் மாட்டிவிட்டு மானிட்டரைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

இதற்கும் மசியவில்லை என்றால் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முதலில் அதே கேபிள், அதே லேப்டாப், மானிட்டரில் மட்டும் வேறு போர்ட். அடுத்து அதே கேபிளோடு வீட்டு டிவி. அதன் பிறகு டிவியில் ஓடிக்கொண்டிருக்கும் கேபிளைக் கழற்றி இங்கே மாட்டுவது. கடைசியாக லேப்டாப்புக்குப் பதில் செட் டாப் பாக்ஸ். ஒவ்வொன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும். செட் டாப் பாக்ஸை வைத்துச் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை: நம் நாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸில்தான் படம் தரும். சில கம்ப்யூட்டர் மானிட்டர்கள் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே பழகியவை, ‘1080i’ போன்ற, ஒன்றுவிட்டு ஒரு வரியாக அனுப்பும் இன்டர்லேஸ் படத்தையும் ஏற்காது. அப்படிப்பட்ட மானிட்டர் பெட்டியை மறுத்தால் மானிட்டர் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பெட்டியை டிவியில் மாட்டி 720பி-க்கும், வசதி இருந்தால் 60 ஹெர்ட்ஸுக்கும் மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

படம் சொல்லும் அடையாளங்கள்

திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் மினுமினுத்தாலோ, சில வினாடிக்கு ஒரு தரம் கருப்பாகித் திரும்பினாலோ கேபிளால் வேகத்தைத் தாங்க முடியவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். 1080பி 60 ஹெர்ட்ஸுக்கு வினாடிக்குச் சுமார் 4.5 ஜிகாபிட் போக வேண்டும். 4கே 30 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 9, 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 18. பழைய எச்டிஎம்ஐ 1.4 வகைக் கருவிகளின் எல்லை 10.2 ஜிகாபிட்தான். எனவே 4கே மானிட்டர் கண்ணைச் சிமிட்டினால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: ரெசல்யூஷனை 1080பி-க்கு இறக்குங்கள், அல்லது 4கே-யிலேயே 30 ஹெர்ட்ஸ் வையுங்கள். படம் நின்று நிதானமாக வந்தால் லேப்டாப்பும் மானிட்டரும் நலம், மாற்ற வேண்டியது கேபிளை. வாங்கும்போது 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்று அட்டையில் போட்டிருப்பதை, 2 மீட்டருக்கு மிகாமல் வாங்குங்கள். சாதாரண தாமிரக் கேபிளில் 5 மீட்டருக்கு மேல் போனால் 4கே 60 ஹெர்ட்ஸை நம்ப முடியாது. அதற்கு மேல் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள்தான். அதில் ஒரு முனை கருவிக்கு, மறுமுனை திரைக்கு என்று குறித்திருக்கும். திருப்பி மாட்டினால் படமே வராது.

மெனு தெரிகிறது, சேனலையோ படத்தையோ போட்டதும் கருப்பாகிறது என்றால் அது காப்புரிமைப் பூட்டு, எச்டிசிபி. நடுவில் ஒரு படத்தை இரண்டு திரைக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரோ, பழைய 15 பின் விஜிஏ இணைப்புக்கு மாற்றும் கன்வெர்ட்டரோ இருந்தால் எடுத்துவிட்டு நேரடியாக மாட்டுங்கள். விஜிஏ-யில் அந்தப் பூட்டுக்கு வழியே கிடையாது. ஆகவே செட் டாப் பாக்ஸைப் பழைய விஜிஏ மானிட்டரில் பார்க்க நினைத்துக் கன்வெர்ட்டருக்குக் காசு போடாதீர்கள்.

படம் முழுக்க இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ வந்தால் கருவி ஒரு வண்ண முறையில் அனுப்ப, மானிட்டர் இன்னொன்றாக வாசிக்கிறது. கழற்றி மாட்டினால் பெரும்பாலும் போய்விடும், இல்லையென்றால் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஆர்ஜிபி என்று மாற்றுங்கள். விஜிஏ-யில் நிறம் மாறுவது வேறு கதை. அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பின். நீலம் விட்டுப்போனால் திரை மஞ்சளாகும், பச்சை போனால் ஊதா கலந்த சிவப்பாகும், சிவப்பு போனால் பச்சை கலந்த நீலமாகும். பிளக்கைக் கழற்றி 1, 2, 3ஆம் பின்கள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 9ஆம் பின் சில கேபிள்களில் தயாரிக்கும்போதே இருக்காது. அதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம்.

‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்பது கண்காணிப்புக் கேமராப் பதிவுப் பெட்டியான டிவிஆரோடு பழைய மானிட்டரைச் சேர்க்கிற டீ ஃபேக்டரிகளிலும் காட்டேஜ்களிலும் அடிக்கடி வரும் தகவல். டிவிஆர் 1080பி அனுப்புகிறது, மானிட்டரால் 1366க்கு 768தான் முடியும். டிவிஆரை ஒரு டிவியில் மாட்டி, டிஸ்ப்ளே மெனுவில் 1280க்கு 720 அல்லது 1024க்கு 768 என்று வைத்துவிட்டு மானிட்டருக்குத் திரும்பினால் போதும்.

டைப்-சி பற்றி ஒன்றே ஒன்று. போர்ட்டின் வடிவம் ஒன்றுதான் என்றாலும் எல்லா டைப்-சி போர்ட்டும் படம் தராது, போன் சார்ஜரோடு வரும் கேபிள்களில் அநேகமாக எதுவும் படத்தைச் சுமக்காது. போர்ட்டின் அருகே டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ மின்னல் சின்னமோ இருக்கிறதா என்று பார்த்த பிறகு கன்வெர்ட்டரை ஆர்டர் செய்யுங்கள். அதேபோல டிஸ்ப்ளேபோர்ட்–எச்டிஎம்ஐ கேபிள் ஒருவழிப் பாதை. லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் அது போதும். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான் என்றால் யுஎஸ்பி-யிலிருந்து பவர் எடுக்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட் தன் 5 வோல்ட்டில் தந்தாக வேண்டியது 55 மில்லி ஆம்பியர் மட்டுமே. அதை நம்பி ஓடும் கன்வெர்ட்டர் சூடேறி விட்டு விட்டு வேலை செய்தால் ஆச்சரியமில்லை.

மலைக்கே உரிய குறைகள்

சமவெளியில் எழுதப்படும் குறிப்புகளில் ஈரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள். இங்கே கூடலூர், தேவாலா பக்கம் ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை. இரண்டுக்கும் நடுவே மூடுபனி. மாதக்கணக்கில் எதுவும் மாட்டாமல் திறந்து கிடக்கும் போர்ட்டில் பச்சையாகப் பூத்துவிடும். டீ ஃபேக்டரி என்றால் தேயிலைப் பஞ்சும் தூசியும் அதற்குள் போய் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

போர்ட்டைப் பார்க்கும் முறை இதுதான். இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்து 10 நிமிடம் விடுங்கள். டார்ச் அடித்து, போன் கேமராவைப் பெரிதாக்கி உள்ளே பாருங்கள். நடுவில் ஒரு கருப்பு நாக்கு, அதன் மேலும் கீழும் தங்க நிறக் கோடுகள். கோடுகள் ஒரே அகலத்தில், ஒரே பளபளப்பில் இருக்க வேண்டும். ஒன்று கருத்தோ, வெளிறிய பச்சைப் பொடி படிந்தோ, பக்கத்துக் கோட்டின் மேல் சாய்ந்தோ இருந்தால் அதுதான் குற்றவாளி. 19ஆம் பின் வரிசையின் கடைசியில், ஓரத்தில் இருக்கும். அதைத் தனியாகக் கவனியுங்கள்.

துடைப்பதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சமெல்லாம் தண்ணீர், இந்த ஊர்க் குளிரில் அது காய நாளாகும். மெல்லிய நைலான் தூரிகையை ஆல்கஹாலில் நனைத்து, உதறிவிட்டு, நாக்கின் நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். போர்ட்டுக்குள் ஊற்றக் கூடாது. பஞ்சு வேண்டாம், நார் மாட்டிக்கொள்ளும். பிறகு பவர் இல்லாமலேயே கேபிளை ஐந்தாறு முறை சொருகி எடுங்கள், உரசலில் மீதிப் படிவும் போகும். குறைந்தது ஒரு மணி நேரம் காய விடுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது, தங்க முலாம் மிக மெல்லியது. நீலகிரித் தைலம் வீட்டுக்கு வீடு இருப்பதால் அதைத் தொட்டுத் துடைக்கிற பழக்கம் உண்டு. கையில் ஒட்டிய பிசினை அது எடுக்கும், உண்மைதான். ஆனால் போர்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடும், சில பிளாஸ்டிக்கை இளக்கியும் விடும். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது வியர்ப்பு. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த காட்டேஜில் உறைபனிக் காலத்து மானிட்டர் சில்லென்று இருக்கும். விருந்தினர் வந்ததும் ஹீட்டரைப் போடுகிறோம், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது, ஈரத் துணி காய்கிறது. அந்த வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த மானிட்டரின் மீதும் உள்ளே சர்க்யூட் போர்டின் மீதும் முத்து முத்தாக நீராகிறது. அந்த நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் படம் நடுங்கும், சில நேரம் பவர் போர்டே போய்விடும். அறை சூடாகி 2, 3 மணி நேரம் கழித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஹேர் டிரையரை வைத்தால் திரையின் உள்ளடுக்குகள் நெளிந்துவிடும். பூட்டிவிட்டுப் போகும் வீடு என்றால் மானிட்டரைத் துணியால் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, காலி போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டுவிட்டுப் போங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் இதற்கு நேர்மாறான ஒரு தொல்லை. காற்று வறண்டிருக்கும், உடம்பில் கம்பளி ஸ்வெட்டர். நாற்காலியிலிருந்து எழும்போது மானிட்டர் ஒரு வினாடி கருப்பாகித் திரும்பும். பேய், பிசாசு எதுவும் இல்லை. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது உண்டாகும் நிலைமின்சாரம் காற்றில் ஒரு துடிப்பை அனுப்புகிறது, காப்புறை சரியில்லாத கேபிள் அதைப் பிடித்துக்கொள்கிறது. கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் கிளிப் (கேபிளைச் சுற்றிக் கவ்வி இந்தத் துடிப்பை அடக்கும் வளையம்) மாட்டுவதும், நன்றாகக் காப்புறை போட்ட குட்டையான கேபிளுக்கு மாறுவதும் பலன் தரும். ஃபேக்டரியில் ரோலர் மோட்டார் கிளம்பும் நொடியில் திரை போய் வந்தாலும் இதே இனம்தான். படக் கேபிளை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாமல் ஓர் அடியாவது தள்ளிக் கொண்டு போங்கள், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். டிவிஆர் ஒரு கட்டடத்திலும் மேனேஜர் அறை இன்னொன்றிலும் இருந்தால் நீள எச்டிஎம்ஐ-க்குச் செலவழிக்கவே வேண்டாம். நெட்வொர்க் வழியாகப் பாருங்கள், கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடுங்கள்.

மின்சாரத்தைக் கடத்தாத ஃபைபர் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இடி. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் எச்டிஎம்ஐ போர்ட்டுகள் கூட்டமாகச் சாகும். மின்னல் நேராகத் தாக்க வேண்டியதில்லை. அருகில் எங்கோ விழுந்தாலும் டிஷ்ஷிலிருந்து இறங்கும் கோ-ஆக்ஸ் வயர் வழியாக மின் அதிர்வு செட் டாப் பாக்ஸுக்குள் வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியே டிவிக்குப் போகிறது. ஸ்டெபிலைசர் கரண்ட் பக்கத்தை மட்டுமே கவனிக்கும், இந்தப் பக்கத்துக் கதவு திறந்தே கிடக்கும். மேகம் கறுத்தால் பவர் பிளக்கோடு அந்தக் கோ-ஆக்ஸ் வயரையும் கழற்றிவிடுங்கள். இடிக்குப் பிறகு படம் வரவில்லை என்றால் டிவியின் எல்லாப் போர்ட்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்று போய் மற்றது பிழைத்திருப்பது சகஜம். அப்படியென்றால் போர்டு மாற்றச் செலவழிக்காமல் பிழைத்ததை வைத்தே ஓட்டலாம்.

எர்த் இதோடு சேர்ந்த விஷயம். பாறை மண்ணில் எர்த் குழி சரியாகப் பிடிப்பதில்லை. எர்த் இல்லாத வீட்டில் அடாப்டர் கருவிகளின் உலோகப் பகுதியில் வடிய வழியில்லாத மின்னழுத்தம் நிற்கும். மீட்டரில் 100 வோல்ட்டை ஒட்டிக்கூடக் காட்டும். தொட்டால் சுரீரென்று கூசுவது அதனால்தான். மின்னோட்டம் மிகக் குறைவுதான். ஆனால் இரண்டு கருவியும் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ-யைச் சொருகினால், தொடும் அந்தக் கணத்தில் அது போர்ட் சிப்பின் வழியாகப் பாயலாம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள், கேபிளைச் சொருகி முடித்த பிறகு பவரைப் போடுங்கள். கூச்சம் பலமாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், மானிட்டர் வேலையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மானிட்டரைக் கீழே அனுப்பத்தான் வேண்டும் என்றால், ஸ்டாண்டைக் கழற்றி, திரைக்கு முன்னால் தெர்மாகோல் பலகை வைத்து, நிமிர்ந்த நிலையிலேயே கட்டுங்கள். படுக்க வைத்தால் கொண்டை ஊசி வளைவுகளில் மேலே சாயும் சுமைக்குப் பேனல் விரிசல் விடும். அடாப்டரையும் கூடவே அனுப்புங்கள், பல நேரம் குறை அதில்தான் இருக்கும். எந்தெந்த போர்ட், எந்தக் கேபிள், எந்த ரெசல்யூஷனில் என்ன நடந்தது என்று எழுதிய தாளை மானிட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வெக்கையில் குளிர்ந்த மானிட்டர் மறுபடி வியர்க்கும். போய்ச் சேர்ந்த 2 மணி நேரத்துக்குப் பவர் போட வேண்டாம் என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.